புதிய டீசல் பிக்கப்பில் எது சுபாவம், எது கோளாறு?

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுவதற்காக நான்கு மாதங்களுக்கு முன்பு வாங்கி நீங்களே ஓட்டும் டீசல் பிக்கப்பைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பவை இவை. சைலன்சர் ஃபில்டர் விளக்கு அடிக்கடி எரிகிறது. இன்ஜின் ஆயில் குறைவதற்குப் பதிலாக அளவு கூடியிருக்கிறது. வண்டி காலியாகப் போகும்போது பள்ளம் மேடுகளில் துள்ளுகிறது. கிளட்ச்சை விடும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காலடித் தரை அதிர்கிறது. ஷோரூமில் எல்லாவற்றுக்கும் “புது வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்கிறார்கள். வெளியே உள்ள மெக்கானிக்கோ, ஃபில்டரைக் குடைந்து எடுத்துவிட்டுப் பின்னால் எடையைத் தாங்கும் வில்லான கமானில் ஒரு பட்டை சேர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறார். இந்த இரண்டு பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டாம். துள்ளலும் ‘டக்’ சத்தமும் பெரும்பாலும் இந்த வகை வண்டியின் சுபாவம். ஃபில்டர் விளக்கு நீங்கள் ஓட்டும் தடத்தால் வருவது. ஆயில் கூடுவது அதன் பின்விளைவு; அதை இந்த வாரமே கவனிக்க வேண்டும். தரை அதிர்வு மட்டும் உத்தரவாதத்தின் கீழ் அவர்கள் சரிசெய்து தர வேண்டிய கோளாறு.

முதலில் ஃபில்டர். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டுக்கான பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, புகைக்கரியை அடைத்துப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற பீங்கான் வடிகட்டி இந்த வண்டிகளின் புகைப்போக்கில் வந்து சேர்ந்தது. அதன் உட்புறம் நெருக்கமான நுண்குழாய்களால் ஆனது. அடுத்தடுத்த குழாய்களை எதிரெதிர் முனைகளில் அடைத்திருப்பார்கள் என்பதால், புகை சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும். கரி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்து வாயுவாக்கினால்தான் வழி திறந்திருக்கும். லோடோடு நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியில் புகையின் சூடே ஓரளவு அந்த வேலையைச் செய்துவிடும். அது போதாதபோது இன்ஜினின் கணினி, சிலிண்டரில் எரிப்பு முடிந்த பிறகு கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். அந்த டீசல் ஃபில்டருக்கு முன்னால் உள்ள வினையூக்கியில் எரிந்து, ஃபில்டரின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் வேண்டும்.

உங்கள் தடத்தில் அந்த ஓட்டம் கிடைப்பதில்லை. தோட்டத்திலிருந்து சந்தைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர், சந்தை வாசலில் வரிசையில் நின்றபடி இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பு, இறக்கியதும் காலி வண்டியாகத் திரும்புதல், மறுபடி அதே நடை. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் புகை சூடேறுவதில்லை; கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். கணினி ஒருவழியாகக் கரி எரிப்பைத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் சந்தைக்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். எரிப்பு பாதியில் நிற்கிறது, அடுத்த நடையில் மறுபடி தொடங்குகிறது, மறுபடி நிற்கிறது. வாரத்தில் நான்கு நாள் பாலக்காட்டுக்கோ திருச்சூருக்கோ முருங்கைக்காய் ஏற்றிப்போகும் அதே மாடல் வண்டியில் இந்த விளக்கு எரிந்ததே இல்லை என்று அதன் டிரைவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. வண்டி ஒன்றேதான், தடம்தான் வேறு.

எரிப்பு நடக்கிறதா என்பதைச் சில அறிகுறிகளால் தெரிந்துகொள்ளலாம்: நின்ற நிலையில் இன்ஜின் வேகம் வழக்கத்தைவிடச் சற்று கூடியிருக்கும், சூடான உலோக வாடை வரும், ரேடியேட்டர் விசிறி காரணமில்லாமல் ஓடும், அன்றைய மைலேஜ் குறையும். இவற்றைக் கண்டால் வண்டியை அணைக்காமல் திண்டுக்கல் சாலையிலோ பழனி சாலையிலோ ஒரு சுற்றுப் போய்வாருங்கள். டாப் கியரில் மெதுவாக உருட்டுவதைவிட ஒரு கியர் குறைத்து, இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி ஓட்டுவதே இதற்கு ஏற்றது. காலி வண்டியைவிட லோடு வண்டியில் புகை சீக்கிரம் சூடேறும் என்பதால், லோடு இருக்கும் நடையில் இதைச் செய்வது இன்னும் நல்லது. டீசல் ரிசர்வுக்கு இறங்கியிருந்தால் பல வண்டிகளில் எரிப்பு தொடங்கவே தொடங்காது. ஆகவே ‘நூறு ரூபாய்க்குப் போடு’ என்ற பழக்கத்தை இந்த வண்டியோடு விட்டுவிடுங்கள். ஃபில்டர் விளக்கு நிலையாக எரிந்தால் இவ்வளவு போதும். அது மினுக்கத் தொடங்கினாலோ, இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி இழுவை குறைந்தாலோ, சர்வீஸில் கருவியை இணைத்து நின்ற நிலையிலேயே எரிக்கச் சொல்ல வேண்டும். எந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: எரிப்பு நடக்கும்போதும் முடிந்த சற்று நேரத்துக்கும் புகைக்குழாய் கடுமையாகக் கொதிக்கும், அந்த வண்டியை வைக்கோல் போருக்கோ காய்ந்த தென்னை மட்டைக்கோ மேல் நிறுத்தக் கூடாது.

ஆயில் கூடுவதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். எரிப்புக்காகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் சட்டிக்குள் இறங்குகிறது. எரிப்பு முழுமையாக முடிந்து வண்டி சூடாக ஓடினால் அதில் கொஞ்சம் ஆவியாகிப் போய்விடும். பாதியில் நின்ற எரிப்புகள் மிகுந்தால் டீசல் தங்கிவிடும். அளவுக்குச்சியில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த ஆயில் நீர்த்துவிட்டது, பேரிங்குகளைக் காக்கும் வலு அதற்கு இல்லை. அடுத்த சர்வீஸ் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். மேலே உள்ளதை மட்டும் இறக்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவு சரியாகும், தரம் சரியாகாது. புதிதாக ஊற்றுவது சாம்பல் குறைந்த வகையாக, கையேடு சொல்லும் தரக்குறியீட்டோடு இருக்க வேண்டும். கரி எரியும், ஆனால் ஆயில் எரிந்து உண்டாகும் சாம்பல் எரியாது. அது ஃபில்டருக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கி, அதன் ஆயுளைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். பழைய வண்டிக்கு வாங்கிவைத்த ஆயில் கேன் மீதமிருக்கிறது என்று இதில் ஊற்றுவது, சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக விலைமிகுந்த உதிரிப்பாகம் ஒன்றைத் தேய்ப்பதாகும்.

உங்கள் வண்டியில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க நீலமூடி போட்ட தனித் தொட்டி இருந்தால், அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கலந்த தூய நீர்க்கரைசல். கிராமப்புறங்களில் சிலர் உரக்கடை யூரியாவை வாளியில் கரைத்து ஊற்றுகிறார்கள். நம் நாட்டில் 2015 முதல் உர யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டாயம். அந்த எண்ணெயும் உரத்தின் மற்ற மாசுகளும் தெளிப்பானையும் வினையூக்கியையும் அடைத்துவிடும். சிறிய பிக்கப்புகள் சிலவற்றில் இந்தத் தொட்டி இருக்காது, வேறு வகை வினையூக்கியால் சமாளிப்பார்கள். உங்களுடையது அப்படியானால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

ஃபில்டரைக் குடைந்து எடுக்கும் யோசனைக்கு வருகிறேன். செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். ஊர் ஊராகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளிருக்கும் பீங்கானை உடைத்துக் கொட்டிவிட்டு, கணினியின் நிரலையும் மாற்றி, ஃபில்டர் இருப்பதாகவே அதை நம்பவைப்பார்கள். அந்த நொடியிலேயே இன்ஜினுக்கான உத்தரவாதம் போய்விடுகிறது. நான்கு மாத வண்டிக்கு அது பெரிய இழப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. சரக்கு வண்டி என்பதால் இரண்டாண்டு முடிவில் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குக் காட்டியே ஆக வேண்டும். மாற்றிய நிரல் எந்த நிலையில் எவ்வளவு டீசலைத் தெளிக்கிறது என்பது எழுதியவருக்கே சில சமயம் தெரியாது என்பது இன்னொரு தலைவலி. இவை பணக் கணக்கு. மற்றொன்றும் இருக்கிறது: டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதிசெய்தது. சந்தையில் உங்கள் வண்டியின் பின்னால் நின்று மூட்டை இறக்குபவர்கள் அந்தக் குழாயிலிருந்து ஓரிரு அடி தூரத்தில்தான் மூச்சு விடுகிறார்கள்.

அடுத்தது துள்ளல். ஒன்றேகால் டன், ஒன்றரை டன் தாங்குவதற்காக அடுக்கிய கமான் கட்டு, பாடியில் ஒன்றுமே இல்லாதபோது ஏறக்குறைய வளைவதே இல்லை. பள்ளத்தின் அடி முழுவதும் அடிச்சட்டமான சேசிஸுக்கு வந்துவிடுகிறது. காரிலிருந்து பிக்கப்புக்கு மாறியவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் இதையே சொல்வார்கள். குறைக்க வழி உண்டு. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனியாகக் காற்றழுத்தம் போட்டிருக்கும். பெரும்பாலானோர் பின்டயர்களில் லோடு அழுத்தத்தை வைத்தே எப்போதும் ஓட்டுகிறார்கள். காலியாக நெடுந்தொலைவு போகும் நாளில் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏற்றுவதற்கு முன் மறக்காமல் நிரப்பிவிட வேண்டும். மறந்துவிடுவீர்கள் என்று தோன்றினால் குறைக்கவே வேண்டாம், துள்ளலோடு போவதே மேல். மழையில் காலி வண்டியின் பின்சக்கரம் சறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கமான் கட்டின் அடியிலோ மேலிலோ லோடு வந்தால் மட்டும் வேலை செய்யும் துணைப்பட்டை இருக்கும். காலியாக ஓடும்போது அது தாங்கியில் தட்டி எழுப்பும் ‘கட கட’ ஓசையும் குறையன்று.

இங்கேதான் பட்டை சேர்க்கும் யோசனை தவறான திசையில் போகிறது. துள்ளலுக்குக் காரணமே கமான் கடினமாக இருப்பது. இன்னொரு பட்டை அதை இன்னும் கடினமாக்கும். மெக்கானிக் மனத்தில் இருப்பது துள்ளல் அன்று, குறித்த எடைக்கு மேல் ஏற்றும்போது பின்பக்கம் உட்காருவதுதான். அதற்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன், காரணம் பிரேக். உங்கள் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள்: பின்அச்சிலிருந்து சேசிஸில் உள்ள ஒரு சிறிய வால்வுக்கு மெல்லிய கம்பியோ ஸ்பிரிங்கோ போயிருக்கலாம். அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்து லோடு எவ்வளவு என்று மதிப்பிட்டு, பின்பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று தீர்மானிக்கும் வால்வு அது. காலியாக இருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடாதபடி அழுத்தத்தைக் குறைக்கும். லோடேறிச் சேசிஸ் தாழும்போது கூட்டும். பட்டை சேர்த்தால் முழு லோடிலும் சேசிஸ் உயரமாகவே நிற்கும். வால்வு, வண்டி காலி என்று எண்ணிப் பின்பிரேக்கைக் கட்டிவைக்கும். நிறுத்தும் வேலை முழுவதும் முன்பிரேக்கின் தலையில் விழும். கொடைக்கானல் மலைப்பாதையில் லோடோடு இறங்கும்போது முன்பிரேக் கொதித்துப் பிடிப்பை இழந்தால் அங்கே யாரும் உதவிக்கு வர முடியாது. பட்டை சேர்த்தபின் வால்வின் கம்பியையும் சரிசெய்துவிடுவோம் என்பார்கள். அளவுகோல் இல்லாமல் கண்பார்வைக்குச் சரிசெய்வதை நான் நம்புவதில்லை. கூடுதல் எடைக்கான அபராதமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாயில் தொடங்கி, மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் ஏறுகிறது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கமானில் செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அச்சைக் கமானோடு பிணைக்கும் யு போல்ட்டுகள் முதல் சில லோடுகளுக்குப் பிறகு சற்றுத் தளரும், ஏனெனில் பட்டைகளுக்கு இடையிலுள்ள பெயின்ட்டும் பரப்புகளும் நசுங்கிப் படிந்துவிடுகின்றன. முதல் சர்வீஸில் அவற்றை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடி முறுக்கியிருக்க வேண்டும். முறுக்காமல் விட்டால், பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு இடம் நகர்ந்து, வண்டி கோணலாக ஓடத் தொடங்கும். உங்கள் சர்வீஸ் ரசீதில் அப்படி ஒரு வேலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். கமானின் முனையைத் தாங்கும் ஷாக்கிள் புஷ்களுக்குக் கிரீஸ் நிப்பிள் இருந்தால் அதற்கும் கிரீஸ் அடிக்க வேண்டும்.

‘டக்’ சத்தம் கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரம் வரை உள்ள சிறுசிறு இடைவெளிகளின் கூட்டுத்தொகை. கியர் பற்களில் கொஞ்சம், இழுவையைப் பின்அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளான கிராஸ்களில் கொஞ்சம், அதன் நீண்டு சுருங்கும் இணைப்பான ஸ்ப்ளைனில் கொஞ்சம், பின்அச்சு ஹவுசிங்கில் உள்ள பற்சக்கர ஜோடியான கிரௌன் பினியனில் கொஞ்சம். இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒருபக்கம் சாயும்போது அந்த ஒலி. கிளட்ச்சை விடும்போதோ, ஊர்ந்து போகையில் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதோ மட்டும், மந்தமாக, ஒரே ஒரு முறை கேட்டால் கவலை வேண்டாம். மாதாமாதம் கூடினாலோ, இரும்போடு இரும்பு மோதும் கூர்மையான ஒலியாக மாறினாலோ, கிராஸையும் ஸ்ப்ளைனையும் கிரீஸ் அடித்துச் சோதிக்க வேண்டும்.

தரை அதிர்வை மட்டும் சுபாவம் என்று ஏற்காதீர்கள். இதைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. ஆளில்லாத நேர்ச்சாலையில் அதிர்வு தெளிவாக வரும் வேகத்தை எட்டியதும் கிளட்ச்சை மிதித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, வண்டியைத் தானாக உருள விடுங்கள். அதிர்வு உடனே நின்றுவிட்டால் இன்ஜின், கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். தொடர்ந்து இருந்து, வேகம் குறையும்போது மட்டும் தணிந்தால், சுழலும் சக்கரமோ ஷாஃப்ட்டோ காரணம். அதிலும் ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் முன்சக்கர பேலன்ஸ்; இருக்கையும் தரையும் நடுங்கினால் பின்சக்கரம் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட். நீளமான பிக்கப்புகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ரப்பர் சூழ்ந்த சென்டர் பேரிங் ஒன்று அதைச் சேசிஸில் தொங்கவிடும். அந்தப் பேரிங்கின் தாங்கி சரியாக மையத்தில் பூட்டப்படாவிட்டாலும், ஷாஃப்ட்டின் சமநிலை பிசகியிருந்தாலும், கிராஸ்களின் கோணம் ஒத்துப்போகாவிட்டாலும் குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிரும். லோடு இருக்கும்போதும் இல்லாதபோதும் அதிர்வு வேறுபடுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். வேறுபட்டால் கோணத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்தினால் இந்தக் கோணமும் மாறிப்போய், எது பழைய கோளாறு எது புதியது என்றே தெரியாத நிலை வந்துவிடும். கம்பெனியும் அதையே காரணம் காட்டிக் கைவிரித்துவிடும்.

மற்ற சிறு தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 80க்கு மேல் வண்டி இழுக்கவில்லை என்பது கோளாறன்று, சரக்கு வண்டிக்கு வைத்த வேகவரம்பு. பின்கதவின் கொண்டியும் சங்கிலியும் ஆடும் இடங்களில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றினால் பாதிச் சத்தம் அடங்கும். அழுகிய தக்காளி நீர் பாடி மூலைகளில் தேங்கினால் இரண்டே மழைக்காலத்தில் துரு தெரியும். நீர் வடியும் துளைகளை அடைப்பில்லாமல் வைத்து, இறக்கியதும் கழுவிவிடுங்கள். எரிபொருளை வடிகட்டும் டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள குமிழைத் திறந்து தண்ணீரை வடிப்பதை மழைக்காலத்தில் தவறவிடாதீர்கள். இந்த இன்ஜின்களில் டீசல் ஆயிரம் பார் (அழுத்த அலகு) அளவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தெளிக்கப்படுவதால், துளி நீர்கூட இன்ஜெக்டரின் நுனியைக் கெடுக்கும். பாட்டு ஸ்பீக்கருக்கும் ஏர் ஹாரனுக்கும் வண்டியின் வயரை நடுவில் சுரண்டி இணைப்பது, காரணம் தெரியாத எச்சரிக்கை விளக்குகளுக்கு நல்ல பிறப்பிடம்.

இனி ஷோரூமில் எப்படிப் பேசுவது என்பது. “வண்டி அதிருது” என்று வாயால் சொன்னால் “நார்மல்” என்ற பதிலே வரும். வேலைச் சீட்டான ஜாப் கார்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: இந்த வேகத்தில், இந்த கியரில், காலியாக அல்லது இவ்வளவு லோடோடு, கிளட்ச்சை மிதித்த பின்னும் தரையில் அதிர்வு நீடிக்கிறது. அவர்களுடைய டெக்னீசியனை ஓட்டவைத்து நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அதே மாடலில் வேறொரு வண்டி அங்கே நின்றால் அதையும் அதே சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சுபாவம் என்றால் அதிலும் இருக்க வேண்டும். ஃபில்டருக்காகப் போகும்போது கருவியில் தெரியும் கரி அளவையும், கடைசியாக முழுமையடைந்த எரிப்பு எப்போது நடந்தது என்பதையும், பதிவான கோளாறுக் குறியீடுகளையும் எழுதி வாங்குங்கள். ஆயில் அளவைச் சமதரையில் நிறுத்திப் பார்த்து, அந்தக் குச்சியைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் கொடுத்த பிறகும் அதிர்வைக் கவனிக்காமல் அலைக்கழித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சரக்கு வண்டி என்பதால் அது வணிக நோக்கம், வழக்குப் போட முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்ற விலக்கிலிருந்து விடுவிக்கிறது. நீங்களே ஓட்டுவதாக எழுதியிருப்பது அங்கே உங்களுக்குத் துணை நிற்கும். ஜாப் கார்டு நகல்களை ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள்.